நகராட்சி இல்லாத ஆற்றங்கரை ஊரின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி: கலிஃபோர்னியாவின் லாக் ஊரை முன்வைத்து

அமெரிக்காவில் வரைபடத்தில் பெயர் இருந்தும் சட்டத்தின் கண்ணில் ஊராக இல்லாத குடியிருப்புகள் ஏராளம். அவை நகராட்சியாகப் பதிவு பெறாதவை. அவற்றுக்கு மேயரும் இல்லை, மன்றமும் இல்லை, தீர்மானப் புத்தகமும் இல்லை. சாலை, காவல், நில வரி ஆகியவற்றைக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகமே கவனித்துக்கொள்ளும். இத்தகைய ஓர் ஊரின் வரலாற்றை எழுத முனைபவர் முதலில் சந்திக்கும் தடை, போய்த் தேட அந்த ஊருக்கென ஓர் அலுவலகமே இல்லை என்பதாகும். ஆனால் ஊரிடம் ஏதாவது ஒன்றைப் பெற வேண்டியிருந்த வெளி அமைப்புகள் பல உண்டு. வரி வாங்கியவர்கள், கரையைக் காத்தவர்கள், தலை எண்ணியவர்கள், போருக்கு ஆள் பதிந்தவர்கள், எல்லையில் விசாரித்தவர்கள் என ஒவ்வொருவரும் தங்கள் தேவைக்காக எழுதி வைத்த தாள்களிலிருந்துதான் அந்த ஊரை மீட்டெடுக்க வேண்டும். ஒவ்வொரு தாளும் யாரை எழுத மறுத்தது அல்லது மறந்தது என்பதைக் கவனித்துக்கொண்டே வாசிக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்துவது.

இதற்கு எடுத்துக்காட்டாக, சாக்ரமென்டோ கவுண்டியில் சாக்ரமென்டோ ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள லாக் என்ற சிற்றூரை எடுத்துக்கொள்கிறேன். அருகிலுள்ள வால்நட் குரோவ் ஊரின் சீனர் குடியிருப்பு 1915 அக்டோபர் 7 அன்று தீயில் அழிந்தது. அங்கு வாழ்ந்த சீனர்களுள் குவாங்டாங் மாகாணத்தின் சோங்ஷான் பகுதியைச் சேர்ந்தவர்கள் தனியே பிரிந்து, லீ பிங் என்ற வணிகரின் முன்முயற்சியில், ஜார்ஜ் லாக் என்ற நில உரிமையாளரை அணுகி, அவருடைய பேரித் தோட்ட நிலத்தில் வீடுகளும் கடைகளும் கட்டிக்கொள்ள இசைவு பெற்றார்கள். ஏற்கெனவே 1912 அளவில் அங்கே ஓரிரு கட்டடங்கள் எழுந்திருந்தன. முதலில் லாக்போர்ட் என்றும் பின்னர் லாக் என்றும் அழைக்கப்பட்ட இந்த ஊர், 1990-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

தொடங்குவதற்கு மிக எளிய இடம் அந்த அறிவிப்புக்காகத் தயாரிக்கப்பட்ட முன்மொழிவு ஆவணமே. தேசியப் பூங்காச் சேவை இத்தகைய ஆவணங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 1933-இல் தொடங்கிய அமெரிக்க வரலாற்றுக் கட்டட அளவாய்வின் வரைபடங்களும் ஒளிப்படங்களும் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. இவற்றை முழுமையாகப் படியுங்கள். ஆனால் அவற்றோடு நின்றுவிடாதீர்கள். ஒரு சிற்றூரைப் பற்றிய அச்சு நூல்களும் சுற்றுலாப் பலகைகளும் பெரும்பாலும் ஒரே மூலத்தை ஒன்றிலிருந்து ஒன்று எடுத்து எழுதியவை. ஐந்து இடங்களில் ஒரே செய்தியைக் கண்டால் ஐந்து சான்றுகள் கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது.

அடுத்தது நில ஆவணம். கவுண்டி பதிவாளர் அலுவலகத்தில் விற்றவர் பெயர் வரிசை, வாங்கியவர் பெயர் வரிசை என இரண்டு அட்டவணைகள் இருக்கும். நம் ஊரில் வில்லங்கச் சான்று எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த முறை எளிதில் பிடிபடும்: இன்றைய உரிமையாளரிடம் தொடங்கி, அவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு விற்றவர் யாரிடம் வாங்கினார் எனப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பெரும்பாலான அமெரிக்கச் சிற்றூர்களுக்கு இதுவே முதுகெலும்பான சான்று. லாக் ஊருக்கோ இது ஏறக்குறைய ஊமைச் சான்று. கலிஃபோர்னியாவின் 1913-ஆம் ஆண்டு அயலார் நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டார் வேளாண் நிலத்தை உடைமையாக்குவதைத் தடுத்தது. குத்தகைக் காலத்தையும் மூன்று ஆண்டுக்கு மிகாமல் கட்டுப்படுத்தியது. 1920-இல் அதுவும் பறிக்கப்பட்டது. சீனாவில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறும் வழி 1943 வரை திறக்கவில்லை. சட்டத்தையே மாநில உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது 1952-இல்தான். எனவே லாக் ஊரார் வாய்மொழி ஒப்பந்தத்தின் பேரில் தரை வாடகை செலுத்தி, மண் ஒருவருடையதாகவும் அதன்மேல் நின்ற சுவர் வேறொருவருடையதாகவும் வாழ்ந்தார்கள். பத்திர அட்டவணையை மட்டும் புரட்டுபவருக்கு அங்கே லாக் குடும்பத்தின் பெயர் தெரியும். ஊரைக் கட்டியவர்களின் பெயர் தெரியாது. 1970-களில் நிலம் ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு மனை மேம்பாட்டாளரிடம் சென்று, பின்னர் பொது முகமையின் கைக்கு வந்து, 2004-இல் மனைகளாகப் பிரிக்கப்பட்ட பிறகே கட்டட உரிமையாளர்கள் தம் காலடி மண்ணைத் தம் பெயரில் வாங்க முடிந்தது.

இத்தகைய ஊர்களில் பத்திரத்தை விட்டுவிட்டு வரி மதிப்பீட்டு ஏடுகளை நாடுங்கள். நிலத்தையும் கட்டடத்தையும் தனித்தனியே மதிப்பிட்டிருந்தால், கட்டடத்துக்கு எதிரே வேறொரு பெயர் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. இந்தக் கவுண்டியின் பழைய ஏடுகள் பலவற்றைச் சாக்ரமென்டோ வரலாற்று மையம் பாதுகாக்கிறது. செல்வதற்கு முன்பு ஆண்டு, ஏட்டின் வகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். "ஊரைப் பற்றி என்ன இருக்கிறது" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு கோப்பில் வெட்டி ஒட்டிய செய்தித்தாள் துண்டுகளைத்தான் எடுத்துத் தருவார்கள்.

ஆற்றங்கரை ஊருக்கு ஆறே ஓர் ஆவணதாரர். சாக்ரமென்டோ டெல்டா பகுதி முன்பு வெள்ளம் புரளும் சதுப்பு நிலம். 1850-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்கு வழங்கியது. மாநிலம் அவற்றைத் தனியாருக்கு விற்றது. ஆகவே முதல் உரிமையைத் தேடுபவர் கூட்டரசு நில அலுவலகப் பதிவில் தனிநபர் பெயர் இல்லையே என்று திகைக்காமல், மாநில ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும். நிலத்தைச் சுற்றிக் கரைமேடு எழுப்பி நீரை இறைத்து விளைநிலமாக்கும் பொறுப்பை நிலமீட்பு வட்டங்கள் ஏற்றன. அவற்றின் கூட்டக் குறிப்புகள், பொறியாளர் வரைபடங்கள், தீர்வைப் பட்டியல்கள் ஆகியவை நகராட்சி இல்லாத ஊருக்கு நகராட்சி ஏட்டுக்கு ஈடானவை. 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இந்தக் கரைகளின் பெரும்பகுதியைச் சீனத் தொழிலாளர்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு எழுப்பினார்கள். அவர்கள் ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு அமர்த்தப்பட்டதால் கணக்கில் ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கும், கூலியாட்களின் பெயர் பெரும்பாலும் இராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கரை கட்டியவர்களே லாக் ஊரையும் கட்டினார்கள் என்று பலர் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். 1870-களின் இறுதியிலிருந்து தூர்வாரும் இயந்திரங்கள் கரை வேலையில் புகுந்தன. சீனர்கள் தோட்டங்களுக்கும் பதப்படுத்தும் கொட்டகைகளுக்கும் குத்தகைப் பயிருக்கும் நகர்ந்தார்கள். லாக் எழுந்தது 1915-இல். இடையில் ஏறத்தாழ ஒரு தலைமுறை ஓடிவிட்டது. சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த 1882-ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டமும் குறுக்கிட்டது. ஒரு குறிப்பிட்ட குடும்பம் இரண்டு வேலையிலும் ஈடுபட்டது என்று சான்று கிடைத்தால் எழுதுங்கள். இல்லையேல் இரண்டையும் தனித்தனியே வைத்துவிடுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடப்படும். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளியாயின. 1960-க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். 1890-ஆம் ஆண்டுத் தாள்கள் பெரும்பாலும் 1921 தீ விபத்தில் போய்விட்டன. பதிவு பெறாத ஊரின் பெயர் தாளின் தலைப்பில் இல்லாமல் போகலாம். எனவே பெயரால் தேடுவதை விடுத்து, கணக்கெடுப்பு வட்டத்தின் எல்லை விவரத்தைப் பார்த்து, அந்த வட்டத்தின் தாள்களை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிடுவதே பாதுகாப்பானது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் யாருக்குப் பக்கத்து வீட்டில் யார் இருந்தார் என்பது அப்படிப் படிப்பவருக்கே தெரியவரும்.

எந்த நாளைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். 1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஜனவரி 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏப்ரல் 1-ஐ. டெல்டாவில் அஸ்பாரகஸ் அறுவடை வசந்த காலத்துக்கு உரியது. ஜனவரியிலோ வயலில் ஆள் குறைவு. அறுவடைக்கு வந்து தங்கிப் போகும் கூலியாட்களால் வீங்கிச் சுருங்கும் ஓர் ஊரில் இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்து "ஊர் வளர்ந்தது" என்று முடிவு கட்டுவது தவறாக முடியும். இடைவெளியை நிரப்ப, 1918 செப்டம்பர் 12 அன்று நடந்த இராணுவப் பதிவின் அட்டைகள் உதவும். 18 முதல் 45 வயதுக்குட்பட்டு, முன்பே பதியாத ஆண்கள், அயல்நாட்டவர் உட்பட, அன்று பதிய வேண்டியிருந்தது. முகவரி, வேலை கொடுத்தவர், நெருங்கிய உறவினர் ஆகியவை அட்டையில் எழுதப்பட்டுள்ளன.

என் மதிப்பில் லாக் போன்ற ஊருக்குத் தலையாய சான்று குடிவரவுக் கோப்புகளே. சீனர் விலக்குச் சட்டத்தின்கீழ் உருவான விசாரணைக் கோப்புகள் சான் புரூனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளையில் பெருமளவில் இருக்கின்றன. வணிகர் என்ற தகுதியைக் காட்டினால்தான் ஒருவர் சீனாவுக்குப் போய்த் திரும்ப முடியும், மனைவி மக்களை அழைத்து வர முடியும் என்ற நிலையில், ஒவ்வொரு மளிகைக் கடையும் தன் பங்காளிகள் யார், எவ்வளவு முதல் போட்டார்கள் என்று பட்டியல் தர வேண்டியிருந்தது. கடைக்கு வந்துபோன வெள்ளையர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் ஒருவரையும் நம்பாத அதிகாரிகள் கேட்ட கேள்விகளால்தான், நம்பியிருந்தால் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டாத செய்திகள் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

இந்தக் கோப்புகளில் மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது பெயர். சீனர் குடும்பப் பெயரை முன்னால் சொல்வர். எழுத்தர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகப் பதிவார். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட தமிழர்கள் அமெரிக்கப் படிவங்களில் படும் பாடு இதற்கு நெருங்கிய உறவு. லீ பிங்கைத் தேடினால் பிங் லீ என்றும் தேட வேண்டும். இரண்டாவது இடப்பெயர். சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்-சென் நினைவாக 1925-இல்தான் சோங்ஷான் என்ற பெயர் வந்தது. லாக் தோன்றிய ஆண்டின் தாள்களில் ஹியூங்ஷான் என்றே இருக்கும். மூன்றாவது கடினமானது. 1906-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ தீயில் பிறப்புப் பதிவுகள் எரிந்த பிறகு, அமெரிக்காவில் பிறந்ததாகச் சொல்லிக் குடியுரிமை பெற்ற ஒருவரின் மகன் என்று தாளில் மட்டும் உறவு காட்டி நுழைந்தவர்கள் பலர். கோப்பில் உள்ள தந்தை உண்மையான தந்தையாக இல்லாமல் இருக்கலாம். கல்லறைக் கல்லில் சீன எழுத்தில் பொறித்த பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வம்சாவளி வரையாதீர்கள்.

செய்தித்தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலிஃபோர்னிய எண்ணிமச் செய்தித்தாள் தொகுப்பில் இலவசமாகத் தேடலாம். தீ, வெள்ளம், சூதாட்டச் சோதனை ஆகியவற்றுக்கு அப்பால் சீனர்களைப் பற்றி அன்றைய நாளிதழ்கள் எழுதியது குறைவு. அவற்றின் வசவுச் சொற்களை மேற்கோளாக அடுக்குவதால் பயனும் குறைவு. தேதியை உறுதிசெய்ய மட்டும் பயன்படுத்துங்கள். நிலவியல் அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் 1915-க்கு முந்தைய தாளையும் பிந்தைய தாளையும் ஒப்பிடுங்கள். 1951-இல் முடிந்த டெல்டா குறுக்குக் கால்வாய் லாக் ஊருக்கும் வால்நட் குரோவுக்கும் இடையே வெட்டப்பட்டது என்பதை மறந்துவிட்டால், பழைய வழிகள் குழப்பும்.

தாள்களை ஓரளவு படித்த பிறகே ஊருக்குச் செல்லுங்கள். லாக் ஊரின் முதன்மை வரிசைக் கட்டடங்களுக்கு இரண்டு முகங்கள்: மேல்தளம் கரைமேட்டின்மேல் ஓடும் ஆற்றுச் சாலையில் திறக்கும், கீழ்த்தளம் பின்னால் தாழ்ந்து கிடக்கும் முதன்மைத் தெருவில் திறக்கும். ஆற்று மட்டத்துக்கும் நில மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கட்டடங்களே அளந்து காட்டுகின்றன. 1916 முதல் 1951 வரை இயங்கிய டாய் லோய் சூதாட்டக்கூடம் இப்போது அருங்காட்சியகம். 1926-இல் எழுந்த சீனப் பள்ளியும் நிற்கிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தாள் ஒதுக்கி, கண்ட பொருள், கதவின் திசை, பிற்காலச் சேர்க்கை ஆகியவற்றைக் குறியுங்கள். கேட்ட கதையை அதே தாளில் எழுதாமல் வேறு தாளில் எழுதுங்கள்.

முதியவர்களிடம் பேசும்போது, "அந்தக் காலத்தில் ஊர் எப்படி இருந்தது" என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். அதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். உங்கள் கையிலுள்ள வீட்டு வரிசையைக் காட்டி, இந்த வாசலில் யார் இருந்தார், வாடகையை யார் வந்து வாங்கினார், தண்ணீர் ஏறிய இரவில் எங்கே போனீர்கள் என்று கேளுங்கள். தாளில் மட்டும் இருந்த உறவுகளைப் பற்றிக் குடும்பத்தார் தாமாகச் சொன்னாலொழியத் துருவ வேண்டாம். வாழ்பவர்களின் பெயரை எழுத்து மூலமான இசைவின்றி வெளியிட வேண்டாம்.

எழுதும்போது மிகைச்சொற்களைச் சோதியுங்கள். லாக் ஊரைப் பற்றி "ஒரே", "கடைசி", "முதல்" என்ற அடைமொழிகள் தாராளமாகப் புழங்குகின்றன. கிராமப்புறச் சீன அமெரிக்கச் சமூகங்களுள் பெருமளவு சிதையாமல் எஞ்சியிருப்பது என்ற அளவான கூற்றுக்கு வரலாற்றுச் சின்ன ஆவணம் துணை நிற்கும். அதற்குமேல் போனால் நீங்களே நிறுவ வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்த ஏடு, எந்தப் பக்கம் என்ற குறிப்பை இறுதிப் படிவம் வரை கழற்றாமல் வைத்திருங்கள். பணி முடிந்ததும் ஒரு படியையும் உங்கள் குறிப்புத் தாள்களின் நகலையும் கவுண்டி நூலகத்திலும், வால்நட் குரோவில் உள்ள டெல்டா வரலாற்றுச் சங்கம் போன்ற உள்ளூர் அமைப்பிலும் சேர்த்துவிடுங்கள். பேட்டிகளின் ஒலிப்பதிவுகளைப் பேசியவர்களின் குடும்பத்தாருக்கும் கொடுங்கள்.