ஃபோனோபொரெசிஸ்: மருந்து தோலைத் தாண்டாமல் போக வைக்கும் தவறுகள்

வலி உள்ள இடத்தில் மருந்தைத் தடவி, அதன் மேல் அல்ட்ராசவுண்ட் மெஷினின் ஹெட்டை (ஒலி அலை வெளிவரும் தலைப்பகுதி) ஓட்டி, ஒலியால் மருந்தைத் தோலுக்குள் செலுத்துவதுதான் ஃபோனோபொரெசிஸ். 1950-களில் கை மூட்டு அழற்சிக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டுடன் தொடங்கிய முறை இது. பலன் பற்றிய ஆய்வு முடிவுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வெறும் ஜெல்லோடு கொடுத்த அல்ட்ராசவுண்டைவிட மருந்து சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை என்று காட்டிய சோதனைகளும் உண்டு. முறையே பயனற்றது என்று முடிவுகட்டும் முன், ஒலி தோலைப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிடுவது நல்லது. பல நேரம் அது சேர்வதே இல்லை.

காரணம் பெரும்பாலும் மருந்து கலந்திருக்கும் பொருள்தான். கிடைக்கிற க்ரீமை எடுத்துப் பூசிவிட்டு மெஷினை ஓட்டுவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு. 1992-ல் வெளியான ஓர் அளவீட்டில், தண்ணீர் ஒலியைக் கடத்துவதை 100 என்று வைத்துப் பார்த்தார்கள். அல்ட்ராசவுண்ட் ஜெல் 96, மினரல் ஆயில் 97. ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீம் 1 சதவீதமானாலும் 10 சதவீதமானாலும் பூஜ்யம். வெள்ளை பெட்ரோலாட்டமும் (வாசலின் போன்ற களிம்பு) பூஜ்யம். 10 சதவீத க்ரீமைச் சம அளவு ஜெல்லோடு குழைத்தும் ஒன்றும் மாறவில்லை. 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் பொடியை ஜெல்லில் கலந்தபோது 29 மட்டுமே தேறியது. க்ரீமில் சிக்கிய நுண்ணிய காற்றுக் குமிழிகளும் கரையாத துகள்களும் ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். கையால் வேகமாகக் குழைத்தால் குமிழிகள் இன்னும் கூடும்.

ஆகவே மருந்து முழுதும் கரைந்த, கண்ணாடி போலத் தெளிந்த ஜெல்லைத் தேர்ந்தெடுங்கள். பெயரில் ‘ஜெல்’ என்று இருந்தாலும் வெள்ளையாக, க்ரீம் போல இருப்பவற்றைச் சோதித்துப் பாருங்கள். ஹெட்டின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி ஒரு சிறு கிண்ணம் போலாக்குங்கள். அடியில் மருந்தைச் சில மில்லிமீட்டர் பரப்பி, மேலே தண்ணீர் ஊற்றி, குறைந்த அளவில் சில விநாடிகள் மட்டும் மெஷினை ஓடவிடுங்கள். தண்ணீர் துள்ளினால் ஒலி கடக்கிறது. அசையாமல் இருந்தால் அந்த மருந்து உதவாது. முதலில் சாதாரண ஜெல்லில் செய்து பார்த்தால் ஒப்பிட வசதி. காற்றில் ஹெட்டை வெறுமனே ஓட்டக் கூடாது. உள்ளே ஒலியை எழுப்பும் படிகம் சூடேறிக் கெடும்.

க்ரீம் தவிர வேறு வழியில்லை என்றால், மெல்லியதாகத் தடவி மறையும்வரை தேய்த்து, மிச்சத்தை வழித்தெடுத்துவிட்டு, மேலே சாதாரண ஜெல் போடலாம்.

இன்னொரு தவறு ஆழம் பற்றியது. 1 மெகாஹெர்ட்ஸ் ஒலி 3 முதல் 5 சென்டிமீட்டர்வரை போகும் என்பதால் மருந்தும் அத்தனை ஆழம் போகும் என்று நினைப்பார்கள். மருந்தைத் தடுப்பது தோலின் மேலுள்ள இறந்த செல் அடுக்கு. அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். அதைக் கடந்த மருந்தில் ஒரு பகுதியைத் தோலின் இரத்தக் குழாய்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். இடுப்பு மூட்டுக்கு இதை எதிர்பார்ப்பது வீண். முழங்கை, குதிகால் தசைநார் போன்று தோலை ஒட்டிய இடங்களுக்கு 3 மெகாஹெர்ட்ஸ் பொருந்தும். ஆனால் அது 1 மெகாஹெர்ட்ஸைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகச் சூடேற்றும் என்பதால் அளவைக் குறைத்தே தொடங்க வேண்டும்.

மூலக்கூறின் எடையும் பார்க்க வேண்டும். 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்டவை தோலைக் கடப்பது கடினம். மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் 234, வலி நிவாரணி டைக்ளோஃபினாக் 296, ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் 392 என்பதால் இவை தகுதியானவை. இன்சுலின் போன்ற பெரிய மூலக்கூறுகளை உள்ளே செலுத்தியது 20 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ் அதிர்வெண் கருவி. பிசியோதெரபி அறையில் இருக்கும் மெஷினால் அது ஆகாது. மின்சாரத்தால் மருந்தைச் செலுத்தும் அயன்டோபொரெசிஸோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்கென்று உள்ள, மின்னூட்டம் கொண்ட டெக்ஸாமெத்தசோன் சோடியம் பாஸ்பேட் இங்கே தோலின் கொழுப்பு அடுக்கைத் தாண்டத் திணறும்.

பரப்பளவில் நடக்கும் தவறு கணக்குப் போட்டால் புரியும். 5 சதுர சென்டிமீட்டர் ஹெட், சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட், இடைவிடாத தொடர் முறையில் 5 நிமிடம் என்றால் மொத்தம் 1,500 ஜூல். 10 சதுர சென்டிமீட்டரில் ஓட்டினால் சதுர சென்டிமீட்டருக்கு 150 ஜூல் கிடைக்கும். முதுகில் 40 சதுர சென்டிமீட்டருக்கு இழுத்தால் 37.5 ஜூல்தான். ஹெட்டின் பரப்பைப் போல இரு மடங்குக்கு மேல் போகாதீர்கள். இடம் பெரிதென்றால் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். வேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டர் போதும். ஹெட்டை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடு குவிந்து தோல் சுடும். எலும்புக்குள் குடைவது போல வலித்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல் உடனே அளவைக் குறைக்க வேண்டும்.

சிகிச்சைக்கு முன் ஐஸ் வைப்பதும் தவறு: இரத்த ஓட்டம் குறையும், சூடு அதிகமானாலும் நோயாளிக்குத் தெரியாது. மாறாக, சோப்பு நீரால் எண்ணெய்ப் பசையை நீக்கி, சில நிமிடம் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுங்கள். முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரியுங்கள். அன்றே மழித்தால் கீறல் வழியே மருந்து அளவு மீறி ஏறும். முடித்ததும் மருந்தை அழுத்தித் துடைத்துவிடாமல் கொஞ்ச நேரம் விட்டுவைக்கலாம். மூடிக் கட்டலாமா என்பதை மருந்தின் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டைக்ளோஃபினாக் ஜெல்லைக் காற்றுப் புகாமல் மூடக் கூடாது.

வெளியே தடவுவதுதானே என்று அலட்சியம் வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டைக்ளோஃபினாக் ஆபத்து. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, வலித் தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தடவினால் இரத்தக்கசிவு ஏற்படலாம். கீட்டோப்ரோஃபென் என்ற வலி நிவாரணி தடவிய இடத்தில் சிகிச்சை நாட்களிலும் அதன்பின் 2 வாரமும் வெயில் படக் கூடாது. ஸ்டீராய்டுக்கு மருத்துவரின் சீட்டு இருக்க வேண்டும். புற்றுநோய்க் கட்டி, கர்ப்பிணியின் வயிறு, கண், விரை, இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்த கால், பேஸ்மேக்கர் பகுதி, உணர்ச்சியற்ற தோல் ஆகிய இடங்களில் மருந்து எதுவானாலும் ஹெட்டை வைக்கக் கூடாது.

மெஷினின் வெளியீட்டை ஆண்டுக்கொரு முறை அளந்து பாருங்கள். திரையில் காட்டுவதற்கும் உண்மைக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரிசெய்யக் கொடுங்கள். ஹெட்டின் விளிம்பு இடுக்கில் தங்கும் ஜெல்லை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் துடைத்தெடுங்கள். இல்லையென்றால் ஒருவருக்குத் தடவிய மருந்து அடுத்தவர் தோலிலும் படும்.