தையல் லைனில் பயிற்சியின் பலனை அளப்பது எப்படி?

பயிற்சி முடிந்த அன்று வாங்கும் கருத்துப் படிவம், வகுப்பு பிடித்திருந்ததா என்று சொல்லுமே தவிர, மறுநாள் மெஷினில் உட்காரும் டெய்லரின் வேலை மாறியதா என்று சொல்லாது. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் வகுத்த வரவேற்பு, கற்றல், வேலையில் நடத்தை, விளைவு என்னும் நான்கு படிகளில் அது முதல் படி மட்டுமே. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் லைனை, அதாவது ஓர் ஆடையைப் பல டெய்லர்கள் பகுதி பகுதியாகத் தைக்கும் வரிசையை, எடுத்துக்கொண்டு, கடைசி இரண்டு படிகளை அளக்கும் வழியை இங்கே பார்ப்போம்.

பயிற்சிக்கு முன்பே, குறைந்தது நான்கு வாரங்களுக்கு, ஒவ்வொரு டெய்லரும் தைத்த பீஸ், ஆல்டருக்கு (பிழை திருத்தித் தைக்க) திரும்பிய பீஸ், வேலை செய்த நிமிடங்கள் ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவிட வேண்டும். மெஷின் பழுதுக்கும் பீஸ் வராமல் காத்திருந்ததற்கும் ஆன நேரத்தைத் தனியே எழுதவும். அது டெய்லரின் குறை அன்று. ஒரு பீஸுக்கு நிர்ணயித்த நிமிடத்தைத் தைத்த பீஸால் பெருக்கி, வேலை நிமிடத்தால் வகுத்தால் செயல்திறன் கிடைக்கும். பனியனின் கை ஓரத்தை மடித்துத் தைக்க 0.40 நிமிடம் என்றால், 480 நிமிடத்தில் 720 பீஸ் தைப்பவரின் திறன் 60 சதவீதம்.

பயிற்சிக்குப் பின் அவர் 840 பீஸ் தைத்து 70 சதவீதத்தை எட்டினாலும், அந்தப் 10 புள்ளியையும் பயிற்சியின் பெயரில் எழுதிவிடக் கூடாது. ஒரே ஸ்டைலைத் தொடர்ந்து தைத்தால் கை தானாகவே பழகும். அதே ஸ்டைலை ஓட்டிய, பயிற்சி பெறாத இன்னொரு லைன் அதே காலத்தில் 60-லிருந்து 66-க்கு ஏறியிருந்தால், பயிற்சியின் கணக்கில் சேர்வது 4 புள்ளிதான். மிகக் குறைவாகத் தைத்தவர்களை மட்டும் பொறுக்கி அனுப்பினாலும் கணக்கு பிசகும், ஏனெனில் மோசமான வாரத்திற்கு அடுத்த வாரம் பெரும்பாலும் எப்படியும் தேறிவிடும். ஆகவே சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பதே நேர்மையான வழி. பெங்களூரு ஆடை ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்கான பயிற்சியை ஆராய்ந்த பொருளியலாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். பயிற்சி பெற்றவர்களோடு ஒரே லைனில் வேலை செய்த மற்றவர்களின் உற்பத்தியும் உயர்ந்ததை அவர்கள் கண்டார்கள். ஒப்பீட்டுக் குழுவை வேறு லைனிலிருந்து எடுக்கச் சொல்வது இதனால்தான்.

எண்களோடு கண்ணும் வேண்டும். வலக்கை பீஸை எடுக்கும்போதே இடக்கை ஓரத்தை மடிக்கிறதா, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் தைக்கிறாரா என்று, கற்றுக்கொடுத்த முறையை வைத்தே பார்த்துக் குறிக்கவும். பீஸ் கூடி ஆல்டரும் கூடியிருந்தால் அது முன்னேற்றம் ஆகாது. செலவுப் பக்கத்தில் பயிற்சியாளர் கட்டணத்தோடு, பயிற்சி நேரத்துச் சம்பளத்தையும் அப்போது விட்டுப்போன உற்பத்தியையும் சேர்க்க வேண்டும்.

30, 60, 90 நாட்களில் மீண்டும் அளக்கவும். இந்தக் குறிப்புகளை யாரையும் கண்டிக்கப் பயன்படுத்துவதில்லை என்று டெய்லர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பயந்தவர்களின் லைனில் உண்மையான எண் கிடைக்காது. 90-ஆம் நாளில் திறன் பழைய நிலைக்கே இறங்கியிருந்தால், டெய்லரைக் குறை சொல்லும் முன், புதிய முறையில் தைக்க சூப்பர்வைசர் அவரை விட்டாரா என்று விசாரியுங்கள்.