பச்சை இலை ஏன் கறுக்கிறது? வண்ண ஒளியில் நிறம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சை இலையின்மேல் சிவப்பு விளக்கைக் காட்டினால் என்ன நிறம் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பழுப்பு என்பார் ஒருவர், மஞ்சள் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் மனதுக்குள் சாயத்தைக் குழைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்.

இலை தன்மேல் விழும் ஒளியில் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு விழுங்கிவிட்டுப் பச்சையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. சிவப்பு விளக்கில் பச்சையே கிடையாது. வந்த சிவப்பும் இலைக்குள் போய்விட்டது. கண்ணுக்கு வந்து சேர ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லாததால் இலை கறுத்துத் தெரிகிறது. ஆகவே நிறத்தின் பெயர்களைக் கூட்டிக் கழிக்காமல் இரண்டே கேள்விகள் கேளுங்கள். விளக்கில் என்ன இருக்கிறது? அதில் எதைப் பொருள் திருப்பித் தருகிறது?

சிவப்புப் பொருள் சிவப்பு ஒளியில் எடுப்பாகத் தெரியும் என்று நினைப்பது அடுத்தது. வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் எழுதி, இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். எழுத்து ஏறக்குறைய மறைந்துவிடும். தாளும் மையும் ஒரே சிவப்பைத் திருப்பித் தரும்போது கண் எதை வைத்துப் பிரிக்கும்? பச்சை விளக்கில் அதே எழுத்து கருகருவென்று எழுந்து நிற்கும். மஞ்சளிலும் பலர் இடறுகிறார்கள். மஞ்சள் பூ சிவப்பையும் பச்சையையும் சேர்த்தே திருப்பித் தருவது. அதனால் சிவப்பு ஒளியில் சிவப்பாகவும், பச்சை ஒளியில் பச்சையாகவும், நீல ஒளியில் இருண்டும் தெரியும்.

வண்ணக் கண்ணாடித் தாள் ஒளிக்கு நிறம் ஊட்டுகிறது என்பார்கள். அது ஊட்டுவதில்லை, மற்ற நிறங்களைத் தடுக்கிறது. சிவப்புத் தாளையும் பச்சைத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கிட்டத்தட்ட இருட்டு. சிவப்பு டார்ச், பச்சை டார்ச் இரண்டையும் வெள்ளைச் சுவரில் ஒரே இடத்தில் காட்டினால் மஞ்சள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனி வருவது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு விளக்குகள் பொருள்களையும் ஒன்றுபோலக் காட்டும் என்று நம்பிவிடுகிறோம். குறைந்த அழுத்தச் சோடியம் விளக்கின் மஞ்சள், 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒற்றை ஒளி என்றே சொல்லலாம். சிவப்பு, பச்சை எல்.இ.டி.க்களைக் கலந்தும் மஞ்சள் வெளிச்சம் உண்டாக்கலாம். நம் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்றே வகை என்பதால் இரண்டு மஞ்சளும் நமக்கு ஒன்றாகவே படும். ஆனால் சிவப்புத் துணியை நீட்டினால் குட்டு வெளிப்படும். கலப்பு மஞ்சளில் துணி சிவப்பாகவே இருக்கும். சோடியம் வெளிச்சத்திலோ மங்கிய மஞ்சட்பழுப்பாகிவிடும்.

வெள்ளை விளக்குக்கும் இது பொருந்தும். 4000 கெல்வின் என்று போட்ட இரண்டு எல்.இ.டி. விளக்குகள் சிவப்பை வேறுவேறாகக் காட்டலாம். கெல்வின் எண் வெளிச்சத்தின் சாயலைத்தான் சொல்கிறது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு ஆர்.ஏ. என்ற அளவு இருக்கிறது. அதுவும் 8 மென்னிற மாதிரிகளின் சராசரிதான். அடர்சிவப்பு அதில் சேராது, அதற்கு ஆர்-9 என்று தனி மதிப்பு உண்டு. அறைக்குள் அச்சாகப் பொருந்திய இரண்டு துணிகள் வெயிலில் பிரிந்து தெரிவதும் இப்படித்தான்.

சோதனை செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "கறுப்பு" என்று படித்ததற்காகக் கறுப்பு என்று எழுதாதீர்கள். நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், சாதிலிங்கம் என்ற சிவப்புக் கனிமம் சிவப்பு ஒளியில் நன்றாகப் பளிச்சிடுகிறது, பச்சையில் குறைகிறது, நீலத்தில் இன்னும் குறைகிறது என்று பதிந்திருக்கிறார். முற்றிலும் அணைந்துவிடுவதாக அவர் சொல்லவில்லை. உண்மையான சாயம் எதுவும் ஒரு நிறத்தை முழுக்க விழுங்குவதில்லை. வண்ணத் தாளும் கொஞ்சம் கசியவிடும். கருநீலமாகத் தெரிந்தால் கருநீலம் என்றே எழுதுங்கள். அந்தப் பதிவுக்குத்தான் மதிப்பு. வண்ண வெளிச்சத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் கண் அதற்குப் பழகி, வெள்ளைத் தாளை மறுபடி வெள்ளையாகவே காட்டத் தொடங்கும். அதனால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒப்பிட்டே தீர்மானியுங்கள்.

நீல விளக்கின் கீழ் மஞ்சள் ஹைலைட்டர் கோடு இருளாமல் பச்சைமஞ்சளாகத் தகதகத்தால், சோதனை பிழைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்த மை நீலத்தை விழுங்கி, விளக்கில் இல்லாத நீண்ட அலைநீள ஒளியைத் தானே வெளியிடுகிறது. அங்கே மட்டும் மூன்றாவதாக ஒரு கேள்வி வேண்டும்: இந்தப் பொருள் தானாக எதையாவது உமிழ்கிறதா?