மேற்கில் பௌத்தம் பழகத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டியிலோ தாய்லாந்தின் சியாங் மாயிலோ பௌத்தக் குடும்பத்தில் பிறந்த குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விகாரைக்குப் போகிறது. பூ வைக்கிறது, பிக்குகளுக்கு உணவு படைப்பதைப் பார்க்கிறது, பெரியவர்களோடு சேர்ந்து பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்க உறுதிகளைச் சொல்கிறது. கண்மூடித் தியானத்தில் உட்காருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆயுள் முழுக்க அப்படி உட்காராதவர்களும் உண்டு. லண்டனிலோ பாஸ்டனிலோ புதிதாக வருகிறவர் இதற்கு நேர் எதிர்த் திசையில் வருகிறார். முதலில் கைபேசிச் செயலி, அப்புறம் ஒரு புத்தகம், ஒரு தியான மெத்தை. தானம் (கொடுத்தல்), சீலம் (ஒழுக்கம்) என்ற சொற்கள் காதில் விழவே காலம் பிடிக்கிறது. இங்கிலாந்தில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகள் எந்த விகாரையின் வாசலையும் மிதிக்கவில்லை. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ் வரிசையிலிருந்தே வருகின்றன.

தியானம் மட்டுமே பௌத்தம் என்று எண்ணுவதுதான் எல்லாவற்றுக்கும் வேர். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி, நாள்பட்ட வலியால் தவித்த நோயாளிகளை மனதில் வைத்து உருவானது. அது பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் புத்தர் வகுத்த எண்வழிப் பாதையில் விழிப்புணர்வு ஏழாவது, மன ஒருமை எட்டாவது. நற்பேச்சும் நற்செயலும் நேர்மையான பிழைப்பும் அவற்றுக்கு முன்னால் நிற்கின்றன. காலையில் வீட்டில் ஒருவரைச் சுடுசொல்லால் காயப்படுத்திவிட்டு மாலையில் உட்கார்ந்தால் மூச்சு பிடிபடாது, அந்தச் சண்டைதான் ஓடிக்கொண்டிருக்கும். கொலை, களவு, முறைதவறிய காமம், பொய், மது ஆகிய ஐந்தையும் ஒரு மாதம் விலக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஐந்தாவதை ‘அளவோடு குடிக்கலாம்’ என்று பலர் திருத்திக்கொள்கிறார்கள். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாளியில் உள்ள வாசகத்தில் ‘அளவோடு’ என்ற சொல் இல்லை.

அடுத்தது, எடுத்த எடுப்பிலேயே பத்து நாள் விபாசனா (உள்நோக்குத் தியானம்) முகாமுக்கு ஓடுவது. எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் நடக்கும் முகாம்களில் காலை 4 மணிக்கு எழுப்புவார்கள். நாளொன்றுக்குப் பத்து மணி நேரத் தியானம், பத்தாம் நாள் காலை வரை பேச்சில்லை. கட்டணம் கிடையாது. முன்பு முகாமை முடித்தவர்கள் தரும் தானத்தில்தான் அது நடக்கிறது. அருமையான ஏற்பாடு, பலன் பெற்றவர்கள் ஏராளம். ஆனாலும் இருபது நிமிடம்கூட உட்கார்ந்து பழகாதவரும், அண்மையில் ஒருவரை இழந்து தவிப்பவரும் பொறுத்துப் போவது நல்லது. மனநலச் சிகிச்சையில் இருப்பவர் விண்ணப்பத்தில் கேட்கும் உடல்நலக் கேள்விகளுக்கு எதையும் மறைக்காமல் பதில் எழுத வேண்டும். முகாமுக்காக மருந்தைத் தானாக நிறுத்தவே கூடாது. பாதம் கிழிந்து இரத்தம் வரும்வரை நடந்து பயின்ற சோணர் என்ற பிக்குவிடம் புத்தர் கேட்டது வீணையைப் பற்றித்தான்: நரம்பு அதிகம் முறுகினாலும் தளர்ந்தாலும் இசை வருமா?

என்னை மிகவும் வருத்தும் தவறு ஒன்று உண்டு. புலம்பெயர்ந்த ஆசியர்களின் கோயில்களை ‘வெறும் சடங்கு’ என்று ஒதுக்குவது. மேற்கில் பௌத்தம் வேர்விட்டதே அவர்களால்தான். லண்டன் பௌத்த விகாரையை 1926இல் நிறுவியவர் இலங்கையின் அநகாரிக தர்மபாலர். ஜோதோ ஷின்ஷு என்ற ஜப்பானியப் பௌத்தப் பிரிவின் துறவிகள் 1899இலேயே சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முள்வேலி முகாம்களில் அடைத்தபோது, அங்கேயும் அவர்கள் வழிபாட்டை விடவில்லை. காட்டில் தங்கிப் பயிலும் துறவிகளின் வழியான தாய்லாந்தின் வன மரபு 1979இல் சசெக்ஸில் சித்தர்ஸ்ட் மடாலயத்தையும், 1984இல் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் அமராவதியையும் கண்டது. அங்கே ஆங்கிலேயப் பிக்குகளைப் பார்க்கலாம். அவர்களின் பாத்திரத்தில் விழும் சோற்றில் பெரும்பங்கு தாய்லாந்து, இலங்கைக் குடும்பங்கள் சமைத்துக் கொண்டுவருவது. அந்த அம்மாக்கள் நீண்ட நேரம் தியானம் செய்யாதவர்களாக இருக்கலாம். பற்றை விட்டுக் கொடுக்கும் பழக்கத்தை அவர்களிடம்தான் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

விகாரைக்குப் போகும்போது நினைவில் வைக்க வேண்டிய சில விஷயங்கள்: செருப்பைக் கழற்ற வேண்டும், சிலையை நோக்கிக் கால் நீட்டக் கூடாது, தேரவாத (இலங்கை, தாய்லாந்து மரபு) பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை, வன மரபுப் பிக்குகள் பணத்தைக் கையால் தொடுவதில்லை.

தமிழ் தெரிந்தவர்களுக்கென்று தனியாக ஒரு வழுக்கல் இருக்கிறது. துக்கம், கருமம் என்று பாளிச் சொற்கள் நமக்குப் பழகியவை போலவே ஒலிக்கும், அதனால் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். புத்தர் சொன்ன துக்கம் அழுகை மட்டுமில்லை. நல்ல நாளும் நிலைக்காது என்ற உள்ளூர நெருடலும் அதில் அடங்கும். கருமம் தலையெழுத்தும் இல்லை, எண்ணி முனைவதையே அவர் கருமம் என்றார். காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்ன உரையும் இப்படித்தான் ‘உன் அறிவுக்குப் பட்டதை மட்டும் நம்பு’ என்று சுருங்கிப்போனது. வெறும் தர்க்கத்தையும் நம்பாதே என்று அதிலேயே இருக்கிறது. அறிவுடையோர் எதைப் பழிக்கிறார்கள், எதைப் போற்றுகிறார்கள் என்று பார்க்கவும் சொல்கிறது.

குரு விஷயத்தில் அவசரம் ஆபத்தானது. மேற்கத்திய மையங்கள் பலவற்றில் ஆசிரியர்கள் மாணவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தது வெளிவந்திருக்கிறது. ஒருவரின் சீலம் அவரோடு நெடுநாள் பழகினால்தான் தெரியும், சிறிது காலத்தில் தெரியாது என்று கோசல நாட்டு மன்னன் பசேநதிக்குப் புத்தர் சொன்னார். ஓராண்டாவது கவனியுங்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தையும், நடந்ததை வெளியே சொல்லாதே என்கிற இடத்தையும் விட்டு வெளியேறுங்கள்.

தனியாகவே பயின்றுகொள்கிறேன் என்பவர்களுக்கு புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தரின் நினைவு வேண்டும். நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்றார் அவர். பாதி இல்லை, முழுவதுமே அதுதான் என்று புத்தர் திருத்தினார். எங்கே தொடங்குவது என்று கேட்டால், பக்கத்து விகாரையில் தானம் நடக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு ஏதாவது சமைத்து எடுத்துப் போங்கள் என்பேன். சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் கழுவும் இடத்தில் எப்போதும் ஒரு கை குறையும்.