லேபிளில் ‘கார்ன்’ என்று தேடாதீர்கள்: அமெரிக்க மளிகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் கோபி மஞ்சூரியன் செய்யலாம் என்று கடையில் ‘கார்ன் ஃப்ளோர்’ வாங்கி வந்தேன். பாக்கெட்டைப் பிரித்தால் மஞ்சள் மாவு. சரி, இந்த ஊர் ரகம் இப்படித்தான் போல என்று கரைத்து, காலிஃப்ளவரை முக்கி எண்ணெயில் போட்டேன். மொறுமொறுப்பு வரவில்லை. மேலே மணல் மணலாக ஒட்டிக்கொண்டது, சாஸில் புரட்டியதும் பாதி உதிர்ந்துவிட்டது.

ஊரில் நாம் கார்ன் ஃப்ளோர் என்று சொல்லும் வெள்ளை மாவுக்கு இங்கே பெயர் கார்ன் ஸ்டார்ச். இங்கே கார்ன் ஃப்ளோர் என்றால் மக்காச்சோளத்தையே அரைத்த மாவு, ரவை மாதிரி உடைத்தது கார்ன்மீல். கடையில் எடுக்கும்போது ‘ஸ்டார்ச்’ என்ற சொல்லைப் பாருங்கள், வெள்ளை மக்காச்சோள மாவும் உண்டு என்பதால் நிறம் மட்டும் போதாது. ஸ்டார்ச் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், விரலிடுக்கில் அழுத்தினால் நறநறக்கும். மீதி மஞ்சள் மாவை நான் மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கூழாகக் குடித்துத் தீர்த்தேன், அது தனிக்கதை.

இதே வரிசையில் ‘மாசா ஹரினா’ என்று இன்னொரு பாக்கெட் இருக்கும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த மாவு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே வகைச் சுண்ணாம்புதான். மெக்சிகோவின் மெல்லிய ரொட்டியான டார்ட்டியாவுக்கு இதுதான் சரி. கார்ன்மீலில் தட்டினால் மாவு சேராமல் விண்டுவிடும். மாவு சேர்வது மட்டுமில்லை, மக்காச்சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளவும் சுண்ணாம்புதான் வழி செய்கிறது. மெக்சிகோ மக்கள் காலங்காலமாக இதைச் செய்து வந்தார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டு மாவை மட்டும் எடுத்துக்கொண்ட அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் ஏழைகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோய் வாட்டியது. அது தொற்று இல்லை, சாப்பாட்டுக் குறை என்று நிறுவியவர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர்.

அடுத்த தவறு கணக்கில். ‘நான் சோளக்கதிரே சாப்பிடுவதில்லை’ என்பார்கள். அமெரிக்காவில் 2023இல் விளைந்த மக்காச்சோளம் சுமார் 39 கோடி டன். அவித்துத் தின்னும் இனிப்புச் சோளம் விளையும் பரப்பு, மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. மற்றதில் பெரும்பகுதி காய்ந்தபின் தலையில் குழி விழும் ‘டென்ட்’ ரகம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குப் போகிறது, அதே அளவு மாட்டுக்கும் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகிறது. நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மக்காச்சோளம் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் கோதுமை, சோயாவைப் போன்றது அல்ல. அந்தக் கார்பனின் தடயம் அதைத் தின்ற விலங்கின் இறைச்சியிலும் தங்கிவிடும். 2008இல் ஹோப் ஜாரன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் துரித உணவுக் கடைகளின் பர்கரையும் கோழியையும் வாங்கிச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் மக்காச்சோளத் தீவனத்தின் அடையாளமே தெரிந்தது.

எனக்கு எரிச்சலூட்டும் தவறு, லேபிளில் ‘கார்ன்’ என்ற சொல்லை மட்டும் தேடுவது. இந்த நாட்டில் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், மாற்றப்பட்ட ஸ்டார்ச் எல்லாம் பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வருபவை. சிட்ரிக் அமிலம் எலுமிச்சையைப் பிழிந்து எடுப்பதில்லை. மக்காச்சோளச் சர்க்கரை போன்றவற்றைப் பூஞ்சைக்குத் தீனியாகப் போட்டுத் தயாரிக்கிறார்கள். பொடித்த சர்க்கரை கட்டி பிடிக்காமல் இருக்க ஸ்டார்ச், பேக்கிங் பவுடரிலும் ஸ்டார்ச். அட, அயோடின் உப்பு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கும்.

வேடிக்கையாகப் பேசிக்கொண்டு போகலாம்தான், ஆனால் வீட்டில் யாருக்காவது மக்காச்சோள ஒவ்வாமை இருந்தால் இது விளையாட்டு இல்லை. 2004இல் வந்த சட்டம் பால், முட்டை, வேர்க்கடலை என 8 ஒவ்வாமைப் பொருட்களைக் கட்டாயமாக வெளிப்படையாக எழுதச் சொல்கிறது. 2023 முதல் எள்ளும் அதில் சேர்ந்தது. மக்காச்சோளம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே பொருட்பட்டியலுக்குக் கீழே தடித்த எழுத்தில் வரும் எச்சரிக்கை வரியை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. மருத்துவர் தரும் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் தயாரிப்பாளருக்கே போன் போட்டுக் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்த ‘ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப்’, அதாவது மக்காச்சோள ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு. பெயரைக் கேட்டு விஷம் போலப் பயப்படுகிறவர்கள், ‘கரும்புச் சர்க்கரையில் செய்தது’ என்று போட்ட சோடாவை நிம்மதியாகக் குடிக்கிறார்கள். குளிர்பானத்தில் சேர்க்கும் சிரப்பின் சர்க்கரையில் பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸ் சுமார் 55 சதவீதம், கரும்புச் சர்க்கரையில் 50. இவ்வளவுதான் வித்தியாசம். 355 மில்லி கோக் கேனில் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. கவலைப்பட வேண்டியது அந்த 39ஐப் பார்த்துத்தான். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் அமெரிக்காவில் சர்க்கரை விலை ஏறி, சிரப் மலிவாகக் கிடைத்ததால்தான் 1984இல் பெரிய கோலா நிறுவனங்கள் முழுக்க அதற்கு மாறின. வசந்த காலத்தில் சில கடைகளில் மஞ்சள் மூடி போட்ட கோக் வரும். பாஸ்கா நாட்களில் மக்காச்சோளத்தைத் தொடாத யூதர்களுக்காகச் சர்க்கரையில் செய்தது அது. அதிலும் இனிப்பு ஒன்றும் குறைவில்லை.

கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. மக்காச்சோளத்தில் கோதுமைக் குளூட்டன் கிடையாது என்பது உண்மை. அதற்காக ‘கார்ன்’ என்று பெயர் போட்ட பெட்டியையெல்லாம் எடுத்துவிடாதீர்கள். கார்ன்பிரெட் மிக்ஸ் பலவற்றில் கோதுமை மாவு இருக்கிறது, பல கார்ன்ஃப்ளேக்ஸில் ருசிக்குப் பார்லி மால்ட் சேர்க்கிறார்கள்.