1.4 கிராம் விமானமும் உப்புச் சுரங்கமும்

உள்ளரங்க மாடல் விமானப் போட்டிக்காக ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கத்துக்குப் போனால் ஸ்வெட்டரை மறக்காதீர்கள். 200 மீட்டர் ஆழத்தில் எந்த மாதமும் குளிர்தான்.

முறுக்கிய ரப்பர் புரொப்பெல்லரைச் சுழற்ற, அந்த விசையில் பறக்கும் மாடல்களுக்கான எஃப்1டி பிரிவில், ரப்பர் இல்லாமல் மாடல் 1.4 கிராமுக்குக் குறையக் கூடாது, ரப்பர் 0.4 கிராமைத் தாண்டக் கூடாது. ஆறு முறை பறக்கவிடலாம், சிறந்த இரண்டு நேரங்களைக் கூட்டுவார்கள். அதனால் முதல் முறையில் பேராசை வேண்டாம்.

எல்லாம் ரப்பர் முறுக்குவதில்தான் இருக்கிறது. சிலிக்கோன் எண்ணெய் தடவி, நன்றாக இழுத்துப் பிடித்து, பாதிச் சுற்றுகளை அப்படியே ஏற்றுங்கள். அப்புறம் மெல்ல முன்னால் நடந்துகொண்டே மீதி. கண் முறுக்குவிசையைக் காட்டும் டார்க் மீட்டரிலேயே இருக்கட்டும். ஒருமுறை முழு முறுக்கோடு விட்டேன். மாடல் கூரையில் போய்ச் சிக்கிக்கொண்டது. இப்போது முழுக்க ஏற்றிவிட்டு, கொஞ்சம் திருப்பி அவிழ்க்கிறேன். எத்தனை சுற்று அவிழ்த்தேன் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன்.

விடும்போது எறியாதீர்கள். முதலில் புரொப்பெல்லரை விடுங்கள், அடுத்த நொடி மாடலின் உடலாக இருக்கும் குச்சியை. சுவர்ப்பக்கம் போனால் நூல் கட்டிய ஹீலியம் பலூனால் முன்பக்கமாகத் தொட்டுத் திருப்பலாம். அந்த நேரத்தில் கை நடுங்கும், அது எல்லோருக்கும்தான். பக்கத்தில் யாரும் வேகமாக நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றே இறக்கையை முறுக்கிவிடும்.