பழைய பிரஷர் வாஷர் பம்பைப் பழுதுபார்க்கும்போதும் மாற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்டர் வாஷ் கடைகளிலும் லாரி செட்டுகளிலும் பல ஆண்டுகளாக உழைத்துவரும் பிரஷர் வாஷரில் தண்ணீரின் வேகம் குறைந்தால், முதலில் பழி விழுவது பம்பின் மீதுதான். உடனே அதைப் பிரித்துச் சீல்களை மாற்றுகிறார்கள், அல்லது புதிய பம்ப் வாங்கிப் பொருத்துகிறார்கள். சில மாதங்களில் புதிய பம்பும் அதே நிலைக்கு வந்துவிடுகிறது. பழைய பம்பைக் கெடுத்த காரணம் எதுவோ அது இயந்திரத்திலேயே இருந்திருக்கிறது, அதை யாரும் தேடவில்லை. இந்தக் கட்டுரையில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தத் தேடலைத் தவிர்ப்பதால் நேர்பவை.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது, முன்னும் பின்னும் நகர்ந்து தண்ணீரைத் தள்ளும் மூன்று செராமிக் பிளஞ்சர்களும் (தண்டுகளும்), வால்வுகள் அமர்ந்த பித்தளை ஹெட்டும் கொண்ட பம்ப். நிமிடத்துக்கு 15 லிட்டர், 200 பார் அழுத்தம், 1450 சுற்று, 7.5 குதிரைத்திறன் மூன்று ஃபேஸ் மோட்டார் என்பது வணிகப் பயன்பாட்டில் பரவலாகக் காணப்படும் அளவு. பெல்ட்டில் ஓடும் பம்புகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நாசிலைப் பார்க்காமல் பம்பைப் பிரிப்பது

பம்ப் தருவது தண்ணீரின் அளவை மட்டுமே. அந்தத் தண்ணீர் நாசிலின் சிறு துளை வழியே வெளியேற நெருக்கப்படுவதால்தான் அழுத்தம் உருவாகிறது. மேற்சொன்ன அளவுள்ள இயந்திரத்துக்கு நாசில் துளை சுமார் 1.3 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். மணல் கலந்த தண்ணீர் ஓடி ஓடி அந்த விட்டம் பத்து விழுக்காடு மட்டும் தேய்ந்து விரிந்தால், அதாவது 0.13 மில்லிமீட்டர் கூடினால், துளையின் பரப்பு 21 விழுக்காடு கூடுகிறது. அதே அளவு தண்ணீருக்கு அழுத்தம் 200 பாரிலிருந்து ஏறத்தாழ 137 பாருக்கு இறங்கிவிடுகிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத தேய்மானம் இது. எனவே, சரியான எண்ணுள்ள புதிய நாசில் ஒன்றைக் கைவசம் வைத்திருந்து, அழுத்தம் குறைந்தவுடன் அதை மாட்டிப் பார்ப்பதே முதல் சோதனையாக இருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் இன்னொரு தவறு பம்பின் ஆயுளையே குறைத்துவிடுகிறது. நாசில் தேய்ந்து அழுத்தம் குறைந்ததை அறியாமல், தண்ணீர் பீய்ச்சும் கைப்பிடியான கன் மூடப்பட்டதும் தண்ணீரைத் திருப்பிவிட்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அன்லோடர் வால்வின் திருகை இறுக்கி, இழந்த அழுத்தத்தை மீட்கப் பார்ப்பார்கள். துளை பெரிதாக இருக்கும்போது திருகை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் ஏறாது. ஆனால் பின்னொரு நாள் புதிய நாசில் மாட்டியதும், இறுக்கி வைத்த அன்லோடர் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல், கன் மூடப்படும் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைப் பம்பின் தாங்குதிறனுக்கு மேலே துள்ளவைக்கும். சீல்களும், ஹெட் போல்ட்டுகளும், சில வேளைகளில் ஹெட்டும் அதற்குப் பலியாகின்றன.

அன்லோடர் திருப்பிவிடும் தண்ணீரைக் கொண்டுபோகும் பைபாஸ் ஹோஸ் தனியாக வெளியே தெரியும் இயந்திரங்களில் எளிய சோதனை ஒன்று உண்டு. ஹோஸின் திரும்பும் முனையைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு, அந்த முனை மாட்டியிருந்த, தண்ணீர் வரும் பக்கத்து வாயை அடைத்துவிட்டு, கன்னைத் திறந்த நிலையில் இயந்திரத்தை ஓட்டிப் பாருங்கள். கன் திறந்திருக்கும்போதே வாளியில் தண்ணீர் தாராளமாகக் கொட்டினால், நாசில் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாசில் சரியென்றால் அன்லோடரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பம்பைத் தொட வேண்டிய தேவை இல்லை.

தண்ணீர் வரும் வழியைக் கவனிக்காதது

பம்புகள் கெடுவதற்கு அழுத்தம் வெளியேறும் பக்கத்தைவிட, தண்ணீர் உள்ளே வரும் பக்கமே அதிகக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளும் பம்புக்கு அதைவிடக் கூடுதலான தண்ணீர் வந்துசேர வேண்டும். பம்புக்குச் செல்லும் ஹோஸை கழற்றி 20 லிட்டர் வாளியில் விட்டால், அது ஒரு நிமிடத்துக்குள் நிரம்புவது நல்லது. 80 விநாடிக்கு மேல் ஆனால் பம்ப் பட்டினியில் ஓடுகிறது என்று பொருள். அப்போது ஹெட்டுக்குள் நீராவிக் குமிழிகள் தோன்றி உடைகின்றன. கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் கேட்கும். அந்தக் குமிழிகள் உடையும் இடங்களில் பித்தளை சிறு சிறு குழிகளாக அரிக்கப்படுகிறது. அந்தக் குழிகள் சீல் அமரும் பள்ளத்தில் விழுந்துவிட்டால், எத்தனை புதிய சீல் போட்டாலும் கசிவு நிற்காது.

தொட்டியிலிருந்து பம்ப் தானே உறிஞ்சும் அமைப்பில் காற்றுக் கசிவு இன்னும் ஏமாற்றக்கூடியது. உறிஞ்சும் குழாயில் கசிவு இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். எனவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். கன் விட்டுவிட்டுத் துடித்தால், கிளிப்புகள், ஸ்ட்ரெய்னரின் (வடிகட்டியின்) ரப்பர் வளையம், குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால், மேல்நிலைத் தொட்டியிலிருந்து நேரடியாகத் தண்ணீர் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். துடிப்பு நின்றால் குற்றம் உறிஞ்சும் குழாயில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பல கடைகள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே நம்பி இயங்குகின்றன. அந்தத் தண்ணீரை நேராகப் பம்புக்குக் கொடுக்காமல், ஒரு தொட்டியில் விட்டு மணல் படிந்த பின், அடிமட்டத்துக்குச் சற்று மேலிருந்து எடுப்பது பெரிய செலவில்லாத பாதுகாப்பு. உப்புப் படிந்து வால்வுகள் ஒட்டிக்கொண்டால் எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவலாம். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றுவது பித்தளையையும் ஸ்பிரிங்கையும் ஒருசேரக் கெடுத்துவிடும்.

வண்டிக்கு ஷாம்பு போடும் நேரம் முழுவதும் கன்னை மூடிவைத்து, மோட்டாரை மட்டும் ஓடவிடும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது கொஞ்சம் தண்ணீர் மட்டும் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடேறுகிறது. சுமார் 60 டிகிரி செல்சியஸில் திறக்கும் வெப்ப வால்வு இருந்தால் அது சூடான நீரை வெளியேற்றிக் காப்பாற்றும். பழைய இயந்திரங்களில் அந்த வால்வு உப்பு படிந்து அடைத்திருக்கும், அல்லது சொட்டுகிறது என்று யாரோ பிளக் போட்டு மூடியிருப்பார்கள். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் கன் மூடியிருக்குமானால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். பைபாஸ் தண்ணீரை பம்பின் வாய்க்கே திருப்பாமல் தொட்டிக்குத் திருப்புவது இன்னும் நல்லது.

பிரிக்கும்போது நேரும் தவறுகள்

மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி, தண்ணீரை மூடி, கன்னை அழுத்தி ஹோஸில் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும். ஓடும் இயந்திரத்தில் கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. இந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியே வரும் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயம்கூட உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு ஆபத்தானது. அப்படி நேர்ந்தால், வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வால்வுகளைப் பார்ப்பதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான பம்புகளில் ஆறு வால்வு மூடிகளும் வெளியிலிருந்தே திறக்கக்கூடியவை. அழுத்தமானியின் முள் சீராக ஆடிக்கொண்டே இருந்து, ஹோஸும் குதித்தால், மூன்றில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதே பொதுவான பொருள். பல நேரங்களில் ஒரு வால்வுக்குள் சிக்கிய மணலோ டெஃப்லான் டேப்பின் துணுக்கோதான் அதற்குக் காரணமாக இருக்கும்.

ஹெட்டைக் கழற்றியே தீர வேண்டும் என்றால், அவசரம் மிகுந்த விலை வாங்கும் இடம் இதுதான். போல்ட்டுகளை எடுத்த பின்னும் பேக்கிங்குகள் (பிளஞ்சரைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல்கள்) பிளஞ்சர்களை இறுக்கிப் பிடித்திருப்பதால் ஹெட் எளிதில் வராது. ஒரு பக்கம் மட்டும் நெம்பினாலும், சுத்தியலால் தட்டினாலும், ஹெட் சாய்ந்து செராமிக் பிளஞ்சர் விரிசல் விடும். இரண்டு தட்டை ஸ்குரூடிரைவர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக நேராக வெளியே இழுக்க வேண்டும். வந்த பிளஞ்சரை நகத்தால் வருடிப் பாருங்கள். நகத்தில் தட்டும் கோடோ மயிரிழை விரிசலோ இருந்தால் அந்தப் பிளஞ்சரோடு புதிய பேக்கிங்கைச் சேர்ப்பது வீண் செலவு. அதன் மீது படிந்த உப்பை அகற்ற உப்புத்தாளையோ கத்தியையோ பயன்படுத்தக் கூடாது.

கசியும் ஒரு பேக்கிங்கை மட்டும் மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். மற்ற இரண்டும் அதே தண்ணீரில் அதே நேரம் ஓடியவை என்பதால், அடுத்தடுத்து அதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும். மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். வி வடிவ பேக்கிங்கின் திறந்த வாய் அழுத்தம் வரும் பக்கத்தை, அதாவது ஹெட்டின் நீர் அறையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் நிமிடத்திலேயே கசியும். ஒவ்வொரு துண்டையும் எடுக்கும் முன் கைபேசியில் படம் எடுத்து, எடுத்த வரிசையிலேயே துணியில் அடுக்கிவைப்பது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். பெயர்ப்பலகை அழிந்த பழைய பம்புக்குக் கண் அளவில் ஒத்துவரும் சீலை வாங்காதீர்கள். பிளஞ்சரை வெர்னியரால் அளந்து, அடையாளம் தெரிந்த மாடலுக்குரிய கிட்டையே வாங்க வேண்டும்.

ரப்பர் பாகங்களுக்குப் பூச சிலிக்கான் கிரீஸ் போதுமானது. சாதாரண கிரீஸ் சில வகை ரப்பரை உப்பவைத்துவிடும். ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றுகளில், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும்.

ஆயில் சொல்வதைக் கேட்காதது

ஹெட்டுக்கும், பிளஞ்சர்களை இயக்கும் பாகங்கள் ஆயிலில் ஓடும் கிராங்க் பெட்டிக்கும் இடையில் தண்ணீர் சொட்டினால் பேக்கிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் சொட்டினால் ஆயில் சீல். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இங்கே ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவது பெரிய தவறு. தேய்ந்த சீல், விரிசல் விட்ட பிளஞ்சர், பிளஞ்சர் போல்ட்டின் அடியில் கெட்டுப்போன வாஷர் ஆகிய மூன்றில் எதன் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று கண்டறிய வேண்டும். விட்டுவிட்டால் பேரிங்குகள் துருப்பிடித்து, சீலோடு முடிய வேண்டிய செலவு முழுப் பம்பாக வளரும். கிராங்க் பெட்டியில் உலோகத் துகள்கள் தெரிந்தாலோ, கனெக்டிங் ராடில் ஆட்டம் இருந்தாலோ, ஹெட்டில் விரிசலோ சீல் பள்ளத்தில் அரிப்போ இருந்தாலோ பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டுப் பம்பை மாற்றுவதே சரி.

பம்பை மாற்றும்போது

பார் அளவை மட்டும் பார்த்துப் பம்ப் வாங்குவது அடிக்கடி நடக்கிறது. அழுத்தத்தை நிமிடத்துக்கான லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்குள் போய்ச்சேரும் கிலோவாட் கிடைக்கும். 200-ஐ 15-ஆல் பெருக்கி வகுத்தால் 5 கிலோவாட். இழப்புகளையும் சேர்த்தால் 5.5 கிலோவாட், அதாவது 7.5 குதிரைத்திறன் மோட்டாருக்கு முழுச் சுமை. அதே மோட்டாரில் 21 லிட்டர் பம்பை மாட்டினால் மோட்டார் எரியும், அல்லது ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழும்.

சுற்று வேகத்தையும் ஒப்பிட வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் சுமார் 1450 சுற்று ஓடும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான 1750 சுற்று பம்பை அதில் பொருத்தினால், அட்டவணையில் போட்ட தண்ணீரில் ஏறத்தாழ 83 விழுக்காடுதான் வரும்; பழைய நாசிலோடு அழுத்தமும் குறையும். 1450 சுற்று பம்பை 2800 சுற்று மோட்டாரில் மாட்டுவதோ பம்பை அழித்துவிடும். பெல்ட் பம்புகளில் இதே தவறு புல்லி அளவு வழியாக நுழைகிறது: 1440 சுற்று மோட்டாரில் 4 அங்குலப் புல்லியும் பம்பில் 6 அங்குலப் புல்லியும் இருந்தால் பம்ப் 960 சுற்று ஓடும், மோட்டார் புல்லியை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறிவிடும்.

ஷாஃப்ட்டின் விட்டம், அது குழலா தண்டா என்பது, ஃபிளாஞ்சின் துளை இடைவெளி ஆகியவற்றையும் வாங்கும் முன் அளக்க வேண்டும். துருப்பிடித்து ஒட்டிய பழைய பம்பைச் சுத்தியலால் அடித்து எடுத்தால் மோட்டார் பேரிங்கும் சேர்ந்து அடிவாங்கும். துருவிளக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்து, புல்லரால் எடுக்கலாம். புதியதை ஏற்றும் முன் ஷாஃப்ட்டில் துருத்தடுப்புப் பசை தடவினால் அடுத்த முறை கழற்றுபவருக்கு இந்தத் துன்பம் இராது.

புதிய பம்பின் ஆயில் வாயில், பயணத்தில் சிந்தாமல் இருக்கத் துளையில்லாத பிளக் போட்டு அனுப்புவார்கள். அதை எடுத்துவிட்டு, உடன் வரும் காற்றுத்துளையுள்ள பிளக்கை மாட்ட மறப்பவர்கள் பலர். மறந்தால் கிராங்க் பெட்டியில் காற்று சூடாகி விரிந்து, புத்தம் புதிய ஆயில் சீல் வழியே ஆயிலைத் தள்ளிவிடும்; விற்றவர் மோசமான பம்பைக் கொடுத்துவிட்டார் என்ற சண்டையும் அங்கேதான் தொடங்கும்.

பழைய அன்லோடரை, ஹோஸை, ஸ்ட்ரெய்னரைச் சோதிக்காமல் புதிய பம்போடு சேர்க்காதீர்கள். முதல் முறை ஓட்டும்போது நாசிலைக் கழற்றிவிட்டு, கன்னைத் திறந்துவைத்து, காற்று முழுவதும் வெளியேறித் தண்ணீர் சீராக வரும்வரை தண்ணீர் விட்ட பிறகே மோட்டாரைப் போட வேண்டும். பேக்கிங்குக்கு எண்ணெயாக இருப்பது தண்ணீர்தான், அது இல்லாமல் ஓடும் சில விநாடிகளே அதைக் கருக்கப் போதும். பின்னர் நாசிலை மாட்டி, அன்லோடரைத் தளர்ந்த நிலையிலிருந்து தொடங்கி, கன் திறந்திருக்கும்போது அழுத்தமானியைப் பார்த்தபடியே சிறிது சிறிதாக இறுக்குங்கள். இறுக்கியும் முள் ஏறாத இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸ்களின் ஆம்பியரையும் எடுத்து மோட்டாரின் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டு, அந்த அளவுகளை இயந்திரத்தின் மீதே எழுதி ஒட்டிவையுங்கள். ஓடிப் பழகும் காலத்தில் உதிரும் துகள்கள் ஆயிலில் தங்குவதால், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் முதல் 50 மணி நேரத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். அதன் பின் ஏறக்குறைய 500 மணி நேரத்துக்கு ஒரு முறை, அந்தப் பம்புக்குக் குறிப்பிட்ட ஆயிலையே ஊற்ற வேண்டும்.